ஐந்து மணிக்குப் பிறகான அருங்காட்சியகம்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நாகல்கேணியில் தோல் பதனிடும் கூடத்தில் நிற்பவருக்கும், அனகாபுத்தூரில் தறியில் உட்கார்பவருக்கும் இந்த நேரத்தில் ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். குரோம்பேட்டை ஜவுளிக்கடையில் இரவு பத்து மணிவரை நின்றே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த ஞாயிறும் இல்லை. திருநீர்மலையிலிருந்து பஸ் பிடித்துப் பல்லாவரம் வந்து, ரயிலேறி எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலைக்கு நடந்துபோவதற்கே அரைநாள் விடுப்பு தேவைப்படும். நுழைவுச்சீட்டின் விலை சிறியதுதான், அதை யாரும் தடையாகச் சொல்வதில்லை. நேரத்தையும் தூரத்தையும் நாம் கட்டணமாகக் கணக்கில் எடுப்பதில்லை. தாம்பரம் பக்கத்துக் குடும்பங்கள் அருங்காட்சியகத்துக்குக் கட்டும் உண்மையான கட்டணம் அவை இரண்டும்தான்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட ஓர் அருங்காட்சியகம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கிறது. எலிசே அருங்காட்சியகம் 1985 முதல் புகைப்படத்துக்கென்றே இயங்குவது. அது 2011இல் 'படங்களின் இரவு' என்றொரு விழாவைத் தொடங்கியது. கோடையில் ஓர் இரவு மட்டும். அனுமதி இலவசம். அருங்காட்சியகம் அப்போது இருந்த பழைய மாளிகையின் தோட்டத்தில் பெரிய திரைகள் நின்றன. புல்வெளியில் குடும்பங்கள் உட்கார்ந்தன. படங்கள் சுவரைவிட்டு வெளியே வந்தன. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரம் வழி காட்டியிருந்தது. புகைப்படக் கலைஞர் லூசியன் கிளெர்க், எழுத்தாளர் மிஷேல் தூர்னியே, அவ்வூர் அருங்காட்சியகத்தின் காப்பாளர் ழான்-மொரீஸ் ரூக்கெத் ஆகிய மூவரும் 1970இல் தொடங்கிய விழா அது. ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில் ஜூலை இரவுகளில் நிழற்படங்களைத் திரையில் காட்டுவது அதன் அடையாளமாக இன்றுவரை நிற்கிறது.

அந்த நாடுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஜூன், ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். பத்து மணிக்குத்தான் திரை துலங்கும், அதற்குள் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். சென்னையில் மே மாதம் மாலை ஆறரைக்குச் சூரியன் விழுகிறது. ஏழு மணிக்கு நல்ல இருட்டு. ஏழிலிருந்து பத்துவரை, முழுக்குடும்பமும் விழித்திருக்கும் மூன்று மணி நேரம் நமக்கு வாய்த்திருக்கிறது. பகலில் தலைகாட்ட முடியாத கோடையில், 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான இந்த நகரத்தில், ஒரு கலைவிழா நடத்த இதைவிடப் பொருத்தமான பொழுது ஏது?

இந்தக் கேள்விக்கு வருமுன், சென்னையில் அருங்காட்சியகமும் கேமராவும் எப்படிச் சந்தித்தன என்பதைப் பார்க்க வேண்டும். அது மிகப் பழைய உறவு. அவ்வளவாக இனிக்காத உறவும்கூட.

அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன், 1850இல், அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஓவியப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அந்தப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி. புகைப்படம் கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில் ஹன்டர் அதைச் சென்னையில் பரப்ப முனைந்தார். 1850களின் பிற்பகுதியில் மதராஸ் புகைப்படச் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் வால்டர் எலியட். 1845இல் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டிச் சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பியவரும் இதே எலியட்தான். அந்தப் பளிங்குகள் பல ஆண்டுகள் இங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்தன.

1858இல் அவற்றுக்கு முன்னால் ஒரு கேமரா வந்து நின்றது. மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டிருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் அந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். அடுத்த ஆண்டே, 1859இல், அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எழும்பூரில் நாம் பார்க்கும் அமராவதிச் சிற்பங்களில் பெரும்பகுதி பின்னர் நடந்த அகழாய்வுகளில் கிடைத்தவை. போன கற்கள் சென்னை மண்ணில் இருந்தபோது எப்படி இருந்தன என்பதற்கு ட்ரைப்பின் படங்களே சாட்சி. அந்தப் படங்களின் நல்ல பிரதிகளும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரங்களில்தான் இருக்கின்றன. கல்லும் போனது, கல்லின் படமும் போனது.

அதே காலத்தில் ட்ரைப் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் காலத்தில் அது அசாத்தியமான உழைப்பு. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஒளி வேண்டும். அசையாத கல் துல்லியமாக விழும்; நடந்து போகும் ஆள் விழமாட்டார். ட்ரைப்பின் மதுரைப் படங்களிலும் தஞ்சைப் படங்களிலும் தெருக்களும் பிரகாரங்களும் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு அந்த ரசாயனம் ஒரு காரணம். ஆனால், கட்டடத்தை ஆவணப்படுத்து என்ற அரசின் ஆணையில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு இடமே இருக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இந்த வேலையை வீண் ஆடம்பரமாகக் கருதினார். ட்ரைப்பின் பணி அத்தோடு முடிந்தது.

அதன்பின் எழும்பூரில் மனிதர்கள் கேமராவுக்கு முன் வந்தார்கள். வந்த விதம்தான் வலிக்கிறது. 1885 முதல் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கின் நீளத்தையும் தலையின் அகலத்தையும் அளந்து மக்களைச் சாதி வாரியாக வகைப்படுத்தினார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள், இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றில் படமாக நிற்கும் எத்தனையோ பேருக்குப் பெயர் இல்லை; சாதியின் பெயர் மட்டும் இருக்கிறது. அவர்களில் எவர் கையிலாவது அந்தப் படத்தின் ஒரு பிரதி போய்ச் சேர்ந்திருக்குமா?

ஆக, சென்னை அருங்காட்சியகம் புகைப்படத்தை ஆரம்பத்திலிருந்தே அறியும். படமெடுக்கப்பட்ட மக்களை அந்தப் படங்களுக்கு எதிரே உட்காரவைப்பதுதான் இன்னும் நடக்காத காரியம். இலவச இரவு விழா என்பதை நான் பொழுதுபோக்காகப் பார்க்காததற்கு இதுவே காரணம்.

சென்னைப் புகைப்பட பியன்னாலே இந்தத் திசையில் உண்மையான அடிகள் வைத்திருக்கிறது. 2016இல் கதே நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய இந்த விழா, புகைப்படங்களைக் காட்சிக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்தது. பறக்கும் ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுக்க வந்தவர் நின்று படம் பார்த்தார். 2019இல் புஷ்பமாலா என். பொறுப்பில் நடந்த இரண்டாம் பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையும், ஹன்டர் தொடங்கிய அதே கவின்கலைக் கல்லூரியும் காட்சியிடங்களாயின. 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்த நான்காம் பதிப்பு, எதற்காகப் படமெடுக்கிறோம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக்கொண்டது. அனுமதி இலவசம் என்ற கொள்கையை அவர்கள் விடவில்லை. எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு.

ஆனாலும் அதன் காலம் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த பருவம். அதன் மையம் பழைய நகரம். பல்லாவரத்துக்குத் தெற்கே அந்த விழா இன்னும் முழுதாக இறங்கவில்லை. தென்புறத்தில் உள்ள பெரிய அருங்காட்சியகமான தக்ஷிணசித்ரா 1996 முதல் முட்டுக்காட்டில் இருக்கிறது. முற்றங்களும் திண்ணைகளுமாக இரவு விழாவுக்கென்றே கட்டியதுபோன்ற இடம். ஆனால் அது கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேல் உள்ளது, ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே வாழ்பவர்களுக்கு அதுவும் ஒருநாள் பயணமே.

டாக்காவில் 2000இல் தொடங்கிய சோபி மேளா என்ற புகைப்பட விழாவிடம் இதற்கொரு விடை இருக்கிறது. புகைப்படங்களை ரிக்‌ஷா வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாக, பள்ளி வாசல்களுக்கும் சந்தைகளுக்கும் அனுப்பினார்கள். மக்கள் அருங்காட்சியகத்துக்கு வராவிட்டால் அருங்காட்சியகம் ஓரிரவு அவர்களிடம் போகட்டும் என்ற எண்ணம். நமக்கும் இது புதிதல்ல. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னார். பிற்காலத்தில் அரசின் விளம்பரத் துறை வேன்கள் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி இலவசமாகச் செய்திப்படங்கள் காட்டின. தெருக்கூத்தும் சாமி புறப்பாடும் இரவில்தான். கோடை இரவில், திறந்த வெளியில், காசு வாங்காமல், ஒரு குரல் விளக்கிச் சொல்ல ஊரே உட்கார்ந்து பார்ப்பது தமிழ்நாட்டின் பழக்கம். லோசானிடமிருந்து நாம் இரவல் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தத் திரையில் அசையாத படத்தைப் போடலாம் என்ற துணிச்சல்.

அப்படியோர் இரவு விழாவுக்குத் திருநீர்மலையை ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அதுவரை பேரூராட்சியாக இருந்த திருநீர்மலை அதில் சேர்ந்தது. மாநகராட்சி வந்தது, அருங்காட்சியகம் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் படமெடுக்கப்பட்ட குன்றுகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மேலே ரங்கநாதர், நரசிம்மர், உலகளந்த பெருமாள் என்று நின்றும் கிடந்தும் இருந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் பெருமாள் இருக்கும் திவ்யதேசம் என்பது பக்தர்களுக்குத் தெரியும். சினிமா பார்ப்பவர்களுக்கு வேறொரு திருநீர்மலை தெரியும்: காதலர்கள் அவசரமாக மாலை மாற்றிக்கொள்ளும் அந்தப் படிக்கட்டு. எத்தனையோ படங்களின் கல்யாணக் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. முகூர்த்த நாட்களில் உண்மைக் கல்யாணங்களும் அதே படிகளில் நடக்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்கே கேமராவும் லைட்டும் தூக்கிக்கொண்டு புகைப்படக்காரர்கள் படியேறுகிறார்கள். கேண்டிட், கரிஸ்மா ஆல்பம், அவுட்டோர் ஷூட் என்று அந்தத் தொழில் மாறிக்கொண்டே வருவதை இந்தக் குன்று பார்த்திருக்கிறது.

சுற்றிலும் இருக்கும் ஊர்களின் கதையும் அருங்காட்சியகத்தோடு பின்னியது. 1863 மே மாதம், அதாவது உச்சிக் கோடையில், ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியாவில் பழைய கற்காலத்தைப் பற்றிய அறிவைத் தொடங்கிவைத்தது. அவர் வாழ்நாள் முழுதும் திரட்டிய தொல்பொருள்கள் எழும்பூருக்குப் போயின. பல்லாவரம் குன்றில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழையும் அங்கேதான் இருக்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த க்ரோம் தோல் பதனிடும் முறையைச் சென்னையில் பரிசோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1900களின் தொடக்கத்தில் அவர் அதைச் செய்த இடம், ஹன்டரின் அதே ஓவியப் பள்ளி. கேமராவையும் க்ரோம் தோலையும் இந்தப் புறநகருக்கு ஒரே பள்ளி அனுப்பிவைத்திருக்கிறது. அனகாபுத்தூர் நெசவாளர்கள் நெய்த 'ரியல் மெட்ராஸ்' கைக்குட்டைத் துணி நைஜீரியாவரை போனது. இவற்றுக்கெல்லாம் படங்கள் எங்காவது இருக்கும்: ஆலை அலுவலகத்தில், தொழிற்சங்கச் சுவரில், ஒரு தறிக்காரர் வீட்டுப் பரணில்.

அந்தப் பரண்களுக்கு அவசரம் இருக்கிறது. புகைப்படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்றும் வெக்கையும் சேர்ந்தால் பூஞ்சை அதைத் தின்றுவிடும். டிஜிட்டல் வந்தபின் ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்களும் ஃபிலிம் சுருள்களும் பழைய இரும்புக்கடைக்குப் போயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயே ஹெட்லியும் அவருடைய குழுவினரும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடி எண்ணிமப்படுத்தினார்கள். மரநாற்காலியில் கைவைத்து நிற்கும் தாத்தா, திரைச்சீலைத் தோட்டத்துக்கு முன் விறைத்து நிற்கும் புதுமணத் தம்பதி, இறந்தவரை நடுவில் அமர்த்திச் சுற்றி நிற்கும் குடும்பம். தர்ஸ்டனின் படங்களுக்கு நேரெதிரானவை இவை. இவற்றில் படம் எடுக்கச் சொன்னவர்களும் படத்தில் நிற்பவர்களும் ஒருவரே. எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்து, காசு கொடுத்து எடுத்துக்கொண்ட உருவங்கள்.

திருநீர்மலையில் ஓர் இரவு விழா நடந்தால் அதன் நடுவில் இந்த வகைப் படங்கள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ட்ரைப்பின் அமராவதியும் தஞ்சையும் முதலில் வரட்டும். பல உலக அருங்காட்சியகங்கள் அவற்றைத் தம் இணையச் சேகரங்களில் வைத்திருக்கின்றன. ஃபூட்டின் கற்கருவியின் படம், கருவி கிடைத்த மண்ணிலிருந்து சில கிலோமீட்டரில் திரையில் பெரிதாகத் தெரியட்டும். தர்ஸ்டனின் படங்களையும் மறைக்க வேண்டாம். அவை எப்படி எடுக்கப்பட்டன என்று சொல்லிக் காட்டலாம். அதன்பின் ஊர்க்காரர்களின் ஆல்பங்கள். மைதானத்தின் ஒரு மூலையில் இரண்டு ஸ்கேனர்களும் நாலு மேசையும் போட்டால் போதும். கொண்டுவரும் படத்தை அங்கேயே நகலெடுத்து, அசலைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு படமும் இரவு தங்கக் கூடாது. அமராவதிக் கற்களுக்கு நேர்ந்தது ஆல்பங்களுக்கு நேரக் கூடாது.

ஊர்க்காரர்களின் முகங்களைத் திரையேற்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் புறநகரில் பெரிய அளவில் அச்சிட்ட முகம் என்றால் அது ஃப்ளெக்ஸ் பேனரில் உள்ள முகம். தலைவரின் பிறந்தநாள், நடிகரின் புதுப்படம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டிய பேனர் ஒன்று விழுந்து, வேலையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி உயிரிழந்தார். பொது இடத்தில் யாருடைய முகம் எவ்வளவு பெரிதாக நிற்கலாம் என்பது இங்கே உயிர்போன கேள்வி. ஒரு தோல் தொழிலாளியின் முகம், ஒரு தறிக்காரரின் அம்மாவுடைய முகம் இருபதடி உயரத்தில் மூன்று மணி நேரம் ஒளியாக நின்றுவிட்டு, கம்பமும் குழியும் இல்லாமல் விடியுமுன் மறைந்துபோவது அந்தக் கேள்விக்குக் கொடுக்கத்தக்க ஒரு பதில்.

செலவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ், ஜெனரேட்டர், எல்.இ.டி. திரை எல்லாம் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்குக் கிடைக்கும் ஊர் இது. மே 18 உலக அருங்காட்சியக நாள்; 1977 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. பள்ளி விடுமுறை. கத்திரி வெயில் காலம். அரசு அருங்காட்சியகத் துறையும் மாநகராட்சியும் கைகோத்தால் தேதியைத் தேடவே வேண்டாம். தாம்பரம்–கடற்கரை மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. இரவு நெடுநேரம்வரை வண்டி உண்டு. பெண்கள் தயங்காமல் வந்துபோக, அடிவாரத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை நிலையங்களுக்குப் பத்தரை மணிவரை சிற்றுந்து ஓட்டுவதுதான் திரையைவிட முக்கியமான செலவு. திட்டப் பட்டியலில் முதலில் வெட்டப்படுவதும் வழக்கமாக அதுதான். இங்கே அதை வெட்டக் கூடாது.

விளக்கம் தமிழில் பேசப்பட வேண்டும், எழுதி ஒட்டினால் போதாது. மௌனப் பட விளக்குநரைப் போல ஒருவர் மைக் பிடித்து, இந்தப் படம் எப்போது எடுத்தது, யார் எடுத்தது, இதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர் செய்யலாம். ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். டச்சப் பென்சிலால் முகப்பருவை மறைத்த கதையெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு நிபந்தனை, இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. திருநீர்மலைப் படிகளில் மாலை மாற்றியவர்களில் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களும் இருப்பார்கள். சாதி கடந்து மணந்தவர்களும் இருப்பார்கள். ஒரு கல்யாணப் படம் சிலருக்கு இன்றும் ஆபத்து. ஆகவே ஸ்டுடியோவின் பழைய பெட்டியில் கிடைத்தது என்பதற்காக எந்தப் படமும் திரையேறக் கூடாது. படத்தில் இருப்பவரோ அவர் குடும்பமோ தாமாகக் கொண்டுவந்து, காட்டலாம் என்று சொன்ன படம் மட்டுமே காட்டப்பட வேண்டும்; பெயர் சொல்வதா வேண்டாமா என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும். பாதி ஆல்பத்தைக் காட்டச் சொல்லி மீதியை மூடி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. மேசையில் உட்காரும் மாணவருக்கு ஸ்கேனரை இயக்கக் கற்றுக்கொடுக்குமுன் இந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.